தெளிவு எங்கே இருக்கிறது?

‘உயர் தெளிவுத் தொலைக்காட்சி’ என்னும் பெயரைக் கடைத்தெருவிற் கேட்கும்போது, அது நேற்றுப் பிறந்த அதிசயம் போலத் தோன்றும். ஆனால் அப்பெயர் பழையது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோதே அதனை ‘உயர் தெளிவு’ என்றுதான் அழைத்தனர். 240 கோடுகளுக்குக் குறையாத படம் அக்காலத்தில் உயர்ந்ததெனக் கருதப்பட்டது. பெயர்டின் 240 கோட்டு முறையும், மார்க்கோனி – ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோட்டு முறையும் வாரத்துக்கொன்றாக மாறிமாறி ஒளிபரப்பப்பட்டன. சில மாதங்களுள் முன்னது கைவிடப்பட்டது. வென்று நின்ற 405 கோடுகளும் இன்று எவருக்கும் உயர்வாகத் தோன்றா.

நம் நாட்டில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாஹினியும் தோன்றியபோது நமக்குக் கிடைத்தது 625 கோட்டுப் படம். அவற்றுள் காட்சியைத் தாங்குவன 576 மாத்திரமே. யப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யோ, 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விழா முடிந்த கையோடு, அடுத்த தலைமுறைக்கான தொலைக்காட்சி எவ்வாறு அமையவேண்டும் என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிட்டது. அம்முயற்சி 1125 கோட்டு முறையாக உருப்பெற்றது. இன்று நிறை உயர் தெளிவு எனப்படும் படத்தில் 1080 கிடைவரிசைகளும், வரிசைக்கு 1920 புள்ளிகளும் உள்ளன. ஆகமொத்தம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். பழைய படத்தைப் போல ஐந்து மடங்கு.

ஐந்து மடங்கு என்றதும் ஆசை பிறப்பது இயல்பே. ஆயினும், படத்தைக் காண்பது பெட்டியன்று, கண். கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் வரும் ஒரு கூற்றிலும் நுண்ணிய இடைவெளியைச் சாதாரணப் பார்வை பிரித்தறிய மாட்டாது. இக்கணக்கைப் பெட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். 32 அங்குலப் பெட்டி என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு. அதன் உயரம் 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 1080 வரிசைகளின் பயனையும் கண் முழுமையாகப் பெறவேண்டுமாயின், படத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்குத் தொலைவில், அதாவது நாலடித் தூரத்தில், கதிரையைப் போடவேண்டும். எட்டடி தள்ளி அமர்ந்தால், பழைய 576 வரிசைகளே கண்ணின் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. எஞ்சியவை வீண். எட்டடியில் அமர்ந்தபடியே புதிய தெளிவு முழுவதையும் நுகர வேண்டுமெனின் 60 அங்குலப் பெட்டி தேவை. ஆதலாற் கடைக்குப் புறப்படுமுன் அளக்கவேண்டியது நமது முன்னறையையே. ஆசிரியர் ஒருவர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தை, அளவுநாடா ஒன்று காத்துக் கொடுக்கலாம்.

அடுத்தது, பெட்டிக்குள் வந்து சேரும் படம் எத்தகையது என்ற கேள்வி. யப்பானின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை இலங்கை தெரிவுசெய்தது 2014இல். அதன் பின்னரும் ஆண்டுக்கணக்காக, கூரை மேலுள்ள அண்டெனாவுக்கு வந்தது பழைய 625 கோட்டுச் சமிக்ஞைதான். அதனை அகன்ற புதிய திரையில் விரித்தால் தெளிவு கூடுவதில்லை, குறைகளே பெருக்கின்றன. பழைய படக்குழாய்ப் பெட்டி அக்குறைகளை மெல்ல மழுப்பிவிடும். புதிய திரைக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது. செய்மதி வழியாகவோ இணைய வழியாகவோ உயர் தெளிவுச் சேவையைப் பெறுவோர்க்கே புதிய பெட்டி தன் முழுத் திறத்தையும் காட்டும். அதற்கு மாதந்தோறும் கட்டணம் உண்டென்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

கலை இரசிகர் சிந்திக்கவேண்டிய இடம் இன்னொன்றுண்டு. 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளில் எடுக்கப்பட்ட பழைய திரைப்படங்கள், எந்தத் தொலைக்காட்சியும் அதுவரை காட்டியிராத நுட்பங்களைத் தம்முள் வைத்திருக்கின்றன. சத்யஜித் ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’ வெளிவந்தது 1955இல். அதன் மூலச்சுருள் 1993இல் இலண்டனில் நேர்ந்த தீவிபத்திற் சிக்கியது. வெந்தும் வேகாமலும் எஞ்சிய பகுதிகளையும் பிற பிரதிகளையும் கொண்டு செப்பனிட்ட படம் 2015இல் மீண்டும் திரைக்கு வந்தது. அத்தகைய படமொன்றைக் காண்பதற்காக ஒருவர் நல்ல திரை வாங்குவாராயின், அதனை வீண்செலவென்று நான் சொல்லமாட்டேன். மாறாக, 1980களில் ஒளிநாடாவிற் பதியப்பட்ட நாடகங்களும் நடனங்களும் இசையரங்குகளும் அந்த 576 வரிசைகளோடு நின்றுவிட்டவை. அவற்றில் இல்லாத நுட்பத்தை எந்தப் பெட்டியும் படைத்துத் தராது; அருகிலுள்ள புள்ளிகளைப் பார்த்து ஊகித்து இட்டு நிரப்பும், அவ்வளவே. திரைப்படத்துக்கு நெகற்றிவ் காத்திருந்தது. நம் நாடாக்களுக்கு அப்படியொரு முன்வடிவம் இல்லை. ஒளிநாடாவோ ஈரத்திலும் வெப்பத்திலும் நலிந்துபோகும் பொருள். பெட்டியை மாற்றுவது பற்றி வீடுதோறும் நிகழும் விவாதத்திற் பத்திலொரு பங்கேனும் அந்நாடாக்களைக் காப்பது பற்றி நிகழவில்லையே என்பது என் மனக்குறை.

பழைய பதிவுகளின் வடிவத்தையும் கவனித்தல் நன்று. அவை நாலுக்கு மூன்று என்ற அளவின. புதிய திரையோ பதினாறுக்கு ஒன்பது. பல வீடுகளிலே, பக்கங்களிற் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்ற வருத்தத்தில், படத்தை இழுத்துத் திரையை நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வோர் உருவமும் மூன்றிலொரு பங்கு அகன்றுவிடுகிறது. பரதம் ஆடுபவரின் அரைமண்டி குலைகிறது, மிருதங்கம் பீப்பாயாகிறது. இருந்தும், பணம் கொடுத்து வாங்கிய திரை முழுவதும் நிறைந்ததில் வீட்டார்க்குப் பெருந்திருப்தி! பட்டைகளை அப்படியே விட்டுவிடும்படி அமைப்பை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

பழைய பெட்டி பழுதாகி, உதிரிப்பாகமும் கிடையாதாயின், தெரிவுக்கே இடமில்லை, புதியதைத்தான் வாங்கவேண்டும். அந்நிலையிலும், கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பவளப்பாறையையும் பனிமலையையும் பார்த்து முடிவுசெய்தல் தகாது. அவை பெட்டியை விற்பதற்கென்றே எடுக்கப்பட்ட படங்கள். நம் வீட்டில் அன்றாடம் பார்க்கும் செய்தி அலைவரிசையைப் போட்டுக் காட்டும்படி கேட்டு, முன்னறையில் அளந்துவைத்த அதே தூரத்துக்குப் பின்வாங்கி நின்று பார்க்கவேண்டும். கடை நெருக்கமாயிருந்தால், வாசற்படி வரை போக நேரலாம்.