அரியர் இல்லாத ஊர் – 9: பத்து நாளா, நாற்பது மணியா?

"இன்னும் பத்து நாள் இருக்கு சார்" என்றாள் அந்த மூன்றாம் ஆண்டு இன்ஜினீயரிங் மாணவி. கையில் பாதியாக வெட்டிய சார்ட் அட்டை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தாளுக்கு ஒரு நிறமாக ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பிய டைம் டேபிள். காலை 4 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்கு முடிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம். கூட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 14 மணி நேரப் படிப்பு.

"இதைப் போட எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் சார்."

அன்று காலை அவள் எழுந்தது ஏழரைக்கு. டைம் டேபிள் தொடங்கிய முதல் நாளே மூன்றரை மணி நேரம் கடன்.

இந்த அட்டையை நான் ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். நிறம்தான் மாறும். பையன்களிடம் அட்டைகூட இருக்காது. "நைட் அவுட் போட்டுக்கலாம் சார்" என்ற ஒரே வரிதான் அவர்களுடைய டைம் டேபிள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் அட்டைதான் மேல் என்பேன். அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது.

அட்டையைத் திருப்பி வைத்து, ஸ்டாஃப் ரூமிலேயே கணக்கைத் தொடங்கினோம். பத்து நாளில் ஒரு ஞாயிறு சித்தப்பா பையனுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் வைத்திருக்கிறார்கள், போகாமல் இருக்க முடியாது. இன்னொரு நாள் கடைசி பிராக்டிகல், அதோடு ஹால் டிக்கெட் வாங்க வேண்டும். மிச்சம் எட்டு நாள். அம்மாவுக்கு நூல் மில்லில் காலை ஷிப்ட். தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும் சமையலும் இவள் பொறுப்பு. சாயங்காலம் வீட்டில் டிவி ஓடும், இருப்பது ஒரே அறை. "உண்மையிலேயே எப்போ படிப்பே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: காலை 5 முதல் 7, வேலை முடிந்து 10 முதல் 12, ராத்திரி எட்டரை முதல் பத்து. ஐந்தரை மணி நேரம். மதியம்? "தூக்கம் வந்துரும் சார்." போன், பக்கத்து வீட்டுக்காரர் என்று அரை மணியைக் கழித்தோம். எட்டு நாள், நாளுக்கு 5 மணி.

அட்டையின் முன்பக்கம் 140 மணி நேரம். பின்பக்கம் 40. அவள் அந்த 40-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. "இதாவது நெசமா இருக்கு சார்" என்றாள்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. கனடாவில் ரோஜர் புயலரும் கூட்டாளிகளும் செய்து 1994-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கடைசி ஆண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலையைக் கற்பனை பண்ணச் சொன்னால்கூட மனசு சலுகை கொடுத்துத்தான் கற்பனை பண்ணுகிறது. அதனால்தான் நான் "எவ்வளவு படிப்பாய்?" என்று கேட்பதில்லை. "போன செவ்வாய்க்கிழமை எவ்வளவு படிச்சே?" என்று கேட்பேன். பதில் வர நேரமாகும். ஆனால் அந்தப் பதிலை நம்பலாம்.

சரி, 40 மணி நேரம். ஆறு தாள். தாளுக்கு ஐந்து யூனிட், ஆக 30 யூனிட். வகுத்தால் யூனிட்டுக்கு 80 நிமிடம். இப்படிச் சமமாக வகுப்பது சுலபம். அதுதான் தப்பும்கூட.

முதலில், எதை விடலாம் என்ற கேள்வி. "அஞ்சு யூனிட்ல ரெண்டை விட்டுடலாம் சார், சீனியர் சொன்னாங்க." இந்தச் சீனியரை எல்லாக் கல்லூரியிலும் பார்த்திருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிப்பவர்கள் தங்கள் வினாத்தாளையே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தியரி தாள்களில் டூ மார்க் பத்து, யூனிட்டுக்கு இரண்டு. பதிமூணு மார்க் ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. அதில் 'அ' அல்லது 'ஆ' என்று தேர்வு உண்டு, ஆனால் இரண்டும் அதே யூனிட்டிலிருந்துதான் வரும். கடைசியில் ஒரு பதினைந்து மார்க். ஒரு யூனிட்டை விட்டால் 4-ம் 13-ம் சேர்ந்து 17 மார்க் போகிறது. இரண்டை விட்டால் 34. மிச்சமுள்ள 66-க்குள் நீங்கள் 45 எடுக்க வேண்டும், அந்தப் பதினைந்து மார்க் விட்ட யூனிட்டிலிருந்து வந்துவிடாமலும் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய்க்கு விற்கும் 'முக்கியமான கேள்விகள்' உங்களைத் தள்ளுவது இந்தச் சூதாட்டத்தில்தான். யூனிட்டை விடாதீர்கள். யூனிட்டுக்குள் இருப்பதில் சிலதை விடுங்கள். ஒவ்வொரு யூனிட்டிலும் 'அ', 'ஆ' இரண்டில் ஒன்றையாவது உருப்படியாக எழுதும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, போன வாரம் பேசிய இன்டர்னல். தியரி தாளில் இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், பருவத் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். 60-ல் 45 சதவீதம் 27. அப்படியானால் இன்டர்னலில் 23 வைத்திருப்பவருக்கு வினாத்தாளில் 45 எடுத்தாலே தேர்ச்சி. இன்டர்னல் 15 என்றால்? 35 தேவை. வினாத்தாள் கணக்கில் 59. ஒரே வகுப்பு, ஒரே தாள், பக்கத்துப் பக்கத்து பெஞ்ச். ஆனால் இரண்டு பேரும் ஏற வேண்டிய படி வேறு வேறு. நண்பன் அந்தத் தாளை ஒரே நாளில் முடித்தான் என்று நீங்களும் ஒரு நாள் ஒதுக்குவதில் அர்த்தமே இல்லை. இந்த மாணவிக்கு ஐந்து தாளில் இன்டர்னல் 23-க்கு மேல். ஒன்றில் மட்டும் 15. அந்தத் தாளுக்கு 40-ல் 11 மணி நேரம் எழுதினோம்.

மூன்றாவதை யாருமே கவனிப்பதில்லை. தேர்வு அட்டவணையில் உள்ள இடைவெளி. அவளுக்கு இரண்டாம் தாளுக்கும் மூன்றாம் தாளுக்கும் நடுவில் நாளே இல்லை, அடுத்தடுத்த நாள். ஐந்தாம் தாளுக்கு முன்னால் நான்கு நாள் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? பத்து நாளையும் முதல் தாளுக்கே கொட்டுவார்கள், அதுதானே முதலில் வருகிறது! மூன்றாம் தாளுக்கு முந்தைய இரவு கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறை நாளெல்லாம் இடைவெளி இல்லாத தாளுக்கு. இடைவெளி உள்ள தாளை இடைவெளி பார்த்துக்கொள்ளும். ஐந்தாம் தாளுக்கு நாங்கள் அந்த 40-லிருந்து ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. அவளுக்கு அதில் சம்மதமே இல்லை. "ஒரு தடவை புரட்டியாவது பாத்துக்கிறேன் சார்" என்று கெஞ்சினாள். மறுத்துவிட்டேன்.

இனி, கிடைத்த மணி நேரத்துக்குள் என்ன செய்வது? மஞ்சள் ஹைலைட்டரால் புத்தகம் முழுவதும் அடிக்கோடு போடுவதை நான் படிப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. மஞ்சள் குளிக்காத வரியைத் தேட வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப வாசிப்பதும் கிட்டத்தட்ட அதே கதை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிகி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களுக்கு ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு முறையில் இரண்டு தடவை வாசிப்பு. இன்னொரு முறையில் ஒரு தடவை வாசித்துவிட்டு, தாளை மூடி நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை வாசித்ததில் 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. வாசிப்பே ஜெயித்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்ததில் நின்றது 42, எழுதிப் பார்த்ததில் 56. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

அதே ஆய்வில் நாலு தடவை வாசித்தவர்களும் உண்டு. ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் அவர்கள்தான். கடைசியில் குறைவாக நினைவு வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சார், ஹால்ல போனதும் மறந்துருச்சு" என்று வருஷா வருஷம் நான் கேட்கும் புலம்பலுக்கு விளக்கம் இதில் இருக்கிறது. மறக்கவில்லை. பழகிய முகத்தைப் பார்த்து, பெயரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதனால் மற்ற நாலு தாளிலும் யூனிட்டுக்குச் சுமாராகக் கிடைத்த 80 நிமிடத்தை இப்படிப் பிரித்தோம்: 40 நிமிடம் வாசிப்பு. பிறகு புத்தகத்தை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு வந்து (அவள் வீட்டில் கை எட்டாத இடம் அதுதான்) ஒரு பதிமூணு மார்க்கை 25 நிமிடத்தில் எழுதுவது. கடைசி 15 நிமிடம் எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பில் குறிப்பது. மறுநாள் காலை அந்தச் சிவப்பை மட்டும் பார்ப்பது. 25 நிமிடத்துக்கு மணி அடிக்கும் ஆப் எல்லாம் இப்போது நிறைய வந்துவிட்டது. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரிலோ 1980-களின் கடைசியில் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கிய முறை. நல்ல முறைதான். ஆனால் ஆப் இருப்பது போனில், இன்ஸ்டாகிராம் இருப்பதும் போனில். சந்தையில் வாங்கிய மலிவுக் கடிகாரம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நைட் அவுட் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் ஹாஸ்டல் பையன்கள் கோபிப்பார்கள். நானும் போட்டவன்தான். கணிதத் தாளுக்கு முந்தைய இரவு ஏழு டீ குடித்துவிட்டு விடிய விடியக் கணக்குப் போட்டேன். காலையில் மூன்றாம் கேள்வியில் 7 பெருக்கல் 8 எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினேன். 54 என்று முடிவு செய்து அடுத்த வரிக்குப் போனேன். அந்த அரியரை முடிக்க ஒரு வருஷம் ஆனது.

மாணவியின் கதைக்கு வருகிறேன். 40 மணி நேரத்தில் 36-ஐ எட்டினாள். காதுகுத்துக்குப் போன இடத்திலும், பந்தி முடியும்வரை வேனில் உட்கார்ந்து டூ மார்க் பார்த்தாளாம். முடிவு வந்தது. நாங்கள் பயந்த தாளில், இன்டர்னல் 15 வைத்திருந்தாளே, அதில் தேறிவிட்டாள். புரட்டக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்த ஐந்தாம் தாளிலும் நல்ல கிரேடு. ஆறில் ஐந்து தேர்ச்சி. அரியர் விழுந்தது இரண்டாம் தாளில், யாருமே கவலைப்படாத தாளில்.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். 43 மார்க். இரண்டு மார்க் குறைவு. படிக்காமல் போனதா என்றால் இல்லை. ஒரு பதிமூணு மார்க் கேள்விக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷத்தில் படமெல்லாம் போட்டு ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள். கடைசிப் பதினைந்து மார்க் கேள்விக்கு எண்ணைப் போட்டு, இரண்டு வரி எழுதி, பாதி வார்த்தையில் நின்றிருந்தது. நேரம் முடிந்துவிட்டது. வீட்டின் 40 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த நான், ஹாலின் மூன்று மணி நேரத்துக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

அந்த 180 நிமிடத்தை அடுத்த வாரம் பார்ப்போம். வரும்போது பழைய வினாத்தாள் ஒன்றும் கைக்கடிகாரமும் எடுத்து வாருங்கள்.

(தொடரும்)