அப்புத்தளை மலைவழி



மலைநாடு காணச் செல்வோரிற் பலர் வாடகை வண்டியில் உச்சிவரை ஏறி, படமொன்று எடுத்துக்கொண்டு, அதே வண்டியிற் கீழிறங்கிவிடுகின்றனர். மலையின் தலையைக் கண்டனரேயன்றி அதன் உடலைக் கண்டாரில்லை. ஊர்மக்கள் ஏறும் பஸ் வண்டியையும் தம் இரு கால்களையும் துணைக்கொண்டு செல்வோர்க்கு ஏற்ற வழியொன்றை இன்று கூற விரும்புகின்றேன். அது அப்புத்தளையிலிருந்து லிப்டன் இருக்கைக்குச் செல்லும் வழி.

ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுதுகின்மேல் அமைந்த ஊர் அப்புத்தளை. வடக்கே ஊவாவின் மேட்டுநிலம். தெற்கே செங்குத்தாக விழும் பள்ளம். ஊரிலிருந்து தம்பேதென்னைத் தேயிலைத் தொழிற்சாலைவரை, ஏறத்தாழ 10 கிலோமீற்றர், பஸ் ஓடுகின்றது. 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தாமஸ் லிப்டன் அமைத்த தொழிற்சாலை அது. அங்கிருந்து 7 கிலோமீற்றர் நடந்து ஏறினால், அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கினார் என்று சொல்லப்படும் உச்சியை அடையலாம்.

விடியற்காலை முதல் வண்டியையே பிடித்தல் வேண்டும். வெயில் ஏற ஏறத் தென்சமவெளியின் காற்றுச் சூடேறி மலைச்சரிவின் வழியே மேலெழும். மேலெழுந்து குளிர்ந்ததும் அதிலுள்ள ஈரம் முகிலாகும். ஒன்பது பத்து மணிக்குள் உச்சி பெரும்பாலும் மூடுண்டுவிடும். அதற்குமுன் சென்றோர், வானம் தெளிந்த நாளில், தென்கடற்கரைவரை காண்பர். அவ்வண்டி தோட்டத் தொழிலாளர் வேலைக்குச் செல்லும் வண்டி. இருக்கை அவர்க்கே முதலில் உரியது.

இறங்கும்போது அவசரம் வேண்டா. தெரு முடக்குக்கு முடக்கு வளைந்து செல்ல, லயங்களிலிருந்து வரும் குறுக்குப்பாதைகள் தேயிலைக்கூடாக நேரே விழும். நாம் இன்பத்துக்காக நடக்கும் அச்சரிவிற் பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிக்கு நடக்கின்றனர். மழைநாளில் வராத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசும் ஆசிரியர் ஒருமுறை அவ்வழியை நடந்து பார்த்தல் நன்று. நானும் அப்படி ஏசியவனே.

பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடியும் மழையும் வரும். நண்பகலுக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிட வேண்டும். அடைமழைக்குப் பின் செல்லவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 இல், கொஸ்லாந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில், முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவொன்று லயங்களை மூடியது. 2025 நவம்பர்ப் புயலில் மலைநாட்டின் பல சரிவுகள் பெயர்ந்தன. புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. ஆதலின் புறப்படுமுன் புகையிரத நிலையத்தில் விசாரித்துக்கொள்க. நிலத்திற் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அப்பாதையை விட்டுவிடுக.

இன்னொன்று. பஸ்ஸிலிருந்து இறங்குமுன், திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று நடத்துநரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் கேட்கத் தவறினேன். இருட்டும் வேளையில் தொழிற்சாலையடியில் நின்ற என்னை ஒரு முதியவர் கண்டு, "கடைசி பஸ்ஸு போயிருச்சுங்க ஐயா" என்றார். பின்னர் லயத்துக்குச் சென்று விளக்கொன்று கொண்டுவந்து, பெருந்தெருவில் வேறு வண்டி கிடைக்கும்வரை என்னுடன் நடந்தார். பகல் முழுவதும் வேலைசெய்து களைத்த கால்கள் அவை.