வாள் போனது, சாடி வந்தது

லண்டன், நியூயார்க் ஏலங்களில் ஜப்பானியப் பழங்கலை என்று விலை பேசப்படும் வெண்கலப் பூச்சாடிகளில் பெரும்பாலானவை, செய்யப்பட்ட நாளில் புத்தம்புதுச் சரக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பவென்றே வார்த்தவை. செய்தவர்களில் பலர் பழைய பிழைப்பை இழந்தவர்கள்.

இந்த ஏற்றுமதிக்கு முன்பு ஜப்பானில் வெண்கலச் சாடிக்கு இருந்த இடம் சிறியது. கோயில் பீடத்தில் ஊதுபத்திக் கலசம், விளக்குத்தண்டோடு ஒன்று இருக்கும். வீட்டு வரவேற்பறையில் ஓவியம் தொங்கும் மாடத்தில், ஒரே ஒரு கிளை செருக, இன்னொன்று. தொயாமா மாநிலத்தின் தகஒகா ஊர் உலோக வார்ப்புக்குப் பேர்போனது. 1609இல் அங்கே கோட்டை கட்டிய மயெதா தொஷினாகா, 1611இல் வார்ப்பர் ஏழு பேரை வரவழைத்துக் கனயமாச்சிப் பகுதியில் குடியமர்த்தினார். 1615இல் கோட்டையே மூடப்பட்டது, உலைகள் அணையவில்லை. இரும்புப் பானை, உழவுக் கருவி என்று தொடங்கியவர்கள் நாளடைவில் வெண்கலப் பூசைப் பாத்திரங்களுக்கு வந்துசேர்ந்தார்கள்.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணை பிறந்தது. பல ஊர்களில் பௌத்தக் கோயில்கள் சூறையாடப்பட்டன. பூசைப் பாத்திரம் வாங்க ஆளில்லை. 1876இல் சாமுராய்கள் வாள் தரிக்கக் கூடாது என்று தடை வந்தது. வாளின் கைப்பிடி வளையத்தில் தங்கமும் வெள்ளியும் பதித்து, நகக்கண் அளவு இடத்தில் கொக்கும் நாணலும் செதுக்கியவர்களுக்கு வேலை போனது. கனோ நட்சுவோ போன்ற சிலர் தப்பினார்கள்: வாள் அணிகள் செய்த அவர், புதிய அரசின் நாணயங்களுக்கு மாதிரி வடித்து, பின்பு டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் ஆசிரியரானார். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா?

மற்றவர்களுக்கு வழிவிட்டது பூச்சாடிதான். 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் ஜப்பானியக் கைவினைக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, அடுத்த ஆண்டே அரசின் ஆதரவோடு கிரித்சு கோஷோ கைஷா என்ற ஏற்றுமதி நிறுவனம் எழுந்தது. அதில் பணியாற்றிய சுசுகி சோகிச்சி செய்த, மயில்கள் நிற்கும் மாபெரும் தூபக்கலசம் 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் போய், இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் கேட்டது ஆடம்பரம். கழுத்தைச் சுற்றிய டிராகன், வயிற்றில் அலை, பிடியில் குருவி என்று இடைவெளியே விடாமல் நிரப்பினார்கள். எனக்குப் பாதிச் சாடிகள் திகட்டும்.

திகட்டாதது அவற்றின் மேல்நிறம். செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்தால் உலோகம் செம்பு நிறத்தில்தான் இருக்கும். அதைத் துருவிய முள்ளங்கியில் புரட்டி, செப்பு உப்புகள் கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் காக்கைச் சிறகின் நீலக்கருமை ஏறும். நிறைய வெள்ளி கலந்த செம்பு இதே கொதியில் சாம்பல் நிறமாகும். தங்கக் கொக்கை எடுப்பாகக் காட்டுவது இந்தக் கருமைதான். மயிரிழையிலும் மெல்லிய தோல் அது. வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் போச்சு. மேலைநாட்டு வீடுகளில் பலர் அப்படித்தான் பளபளவென்று துலக்கினார்கள். அடியில் துளையிட்டு மின்கம்பி இழுத்து மேசைவிளக்காகவும் ஆக்கினார்கள். அதனால்தான் இன்று விவரம் தெரிந்தவர் கையில் எடுத்ததும் முதலில் அடியைத் திருப்பிப் பார்க்கிறார்.

இடைப்பட்ட காலம் இவற்றுக்கு நல்லதாக இல்லை. மேற்கில் ரசனை மாறியது. ஜப்பானில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகம் திரட்டியபோது, எஜமானுக்காகக் காத்திருந்து புகழ்பெற்ற ஹாச்சிகோ நாய்க்கு டோக்கியோ ஷிபுயா ரயில் நிலையத்தில் வைத்த சிலைகூட உலைக்குப் போனது, சாடிகள் எம்மாத்திரம்! சிறந்தவை ஏற்கெனவே கடல் கடந்திருந்ததால், மெய்ஜிக் கைவினையை நேரில் பார்க்காமலே ஜப்பானில் தலைமுறைகள் வளர்ந்தன. மின்னணுப் பாகங்கள் செய்யும் முராத்தா நிறுவனத்தில் பொறுப்பிலிருந்த முராத்தா மசயுகி, நியூயார்க் பழம்பொருள் கடையில் அக்காலக் கைவினையைக் கண்டு மயங்கி, வெளிநாடுகளில் தேடித்தேடி வாங்கத் தொடங்கினார். அவர் 2000இல் கியோட்டோவில் கியோமிசு சன்னென்சாகா அருங்காட்சியகத்தைத் திறந்தார். ஜப்பான் தன் சொத்தைத் தானே விலைகொடுத்து மீட்கும் நிலை.

தகஒகாவில் உலை இன்றும் எரிகிறது. ஜப்பானின் செம்பு, வெண்கலப் பொருள்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 1990 வாக்கில் உச்சத்தைத் தொட்ட விற்பனை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் ஓவிய மாடமும் இல்லை, பூசை அறையும் இல்லை. சாடியை எங்கே வைப்பது? 1916இல் பூசைப் பாத்திரங்களோடு தொடங்கிய அவ்வூர் நோசாகு நிறுவனம், இந்த நூற்றாண்டில் கையாலேயே வளைக்கக்கூடிய தூய வெள்ளீயக் கூடைகளுக்கும் கிண்ணங்களுக்கும் மாறிக்கொண்டது. சாடிகளுக்கு நிறமேற்றிவந்த ஓரியி பட்டறை, அதே வித்தையை மெல்லிய செப்புத் தகடுகளில் காட்டிக் கட்டடச் சுவர்களுக்கு அனுப்புகிறது. முள்ளங்கியை அங்கே இன்னும் துருவுகிறார்கள்.