நிற்கும் கப்பலுக்கு வாடகை யார் தருவது?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மாலை நடை போகிறவர்கள் கடலைப் பார்க்கப் போவதாகச் சொல்வார்கள். அங்கே கண்ணில் படுவது என்னவோ கப்பல்கள்தான். அடிவானம் நெடுக நிற்கும் அவற்றில் பல ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பவை. எண்ணெய்ப் படகு வந்து சேர வேண்டும், துறையில் இடம் ஒழிய வேண்டும், அடுத்த சரக்கு எந்த ஊரில் என்று எங்கோ ஒரு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வர வேண்டும். படம் எடுத்துக்கொள்ள நல்ல காட்சி. ஆனால் அந்தக் கப்பல்கள் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவர் கணக்கில் பற்று ஏறிக்கொண்டிருக்கிறது. அது யார் கணக்கு என்பதில்தான் கப்பல் வணிகத்தின் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன.

கப்பலை வாடகைக்கு எடுக்க மூன்று வழிகள் உண்டு. ஊரில் கார் எடுப்பதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். "மதுரையில் கொண்டுபோய் விட வேண்டும், மொத்தம் இவ்வளவு" என்று பேசினால் டீசல், சுங்கச்சாவடி, ஓட்டுநர் பேட்டா எல்லாம் வண்டிக்காரர் தலையில். அது பயண வாடகை. கப்பலில் இதைப் பெரும்பாலும் டன்னுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். நாள் வாடகைக்கு எடுத்தால் வண்டியும் ஓட்டுநரும் அவருடையது, எண்ணெய் உங்களுடையது. அது கால வாடகை. ஓட்டுநரே வேண்டாம், சாவியைக் கொடு என்றால் அது வெறுங்கப்பல் வாடகை. மாலுமிகளை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் முதல் வகையில் வருகிறது. மொத்தத் தொகைக்குப் பேசிய கப்பல்காரர், நீங்கள் சரக்கை நிதானமாக ஏற்றிக்கொண்டிருந்தால் நஷ்டப்படுவார். ஆகவே ஒப்பந்தத்திலேயே ஏற்றி இறக்க இத்தனை மணி நேரம் என்று எழுதிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் கட்ட வேண்டும். முன்னதாக முடித்தால், பல ஒப்பந்தங்களில், கப்பல்காரர் ஒரு தொகை திருப்பித் தருவார். அதற்கு டெஸ்பாட்ச் என்று பெயர், வழக்கமாக டெமரேஜில் பாதி. ஓர் எடுத்துக்காட்டு: ஒப்பந்தத்தில் 72 மணி நேரம், டெமரேஜ் நாளுக்கு 15,000 டாலர். ஏற்றி முடிக்க ஐந்து நாள் ஆனால் 30,000 டாலர் தண்டம். இதில் மழை பெய்த நேரம் சேருமா, ஞாயிற்றுக்கிழமை சேருமா, "நான் தயார்" என்று கேப்டன் அறிவிப்புக் கொடுத்தபோது கப்பல் உண்மையிலேயே துறைமுக எல்லைக்குள் இருந்ததா என்றெல்லாம் வழக்கு நடக்கும். ஒப்பந்தத்தில் மழைக்கு விலக்கு எழுதியிருந்தாலும் அது கெடு முடியும்வரைதான். கெடு முடிந்து டெமரேஜ் ஓடத் தொடங்கிவிட்டால், ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலன்றி, மழையும் உங்கள் செலவுதான். இப்படி நிமிடக் கணக்குப் பார்த்துச் சம்பாதிக்கும் வழக்கறிஞர்கள் லண்டனில் நிறையப் பேர். சிங்கப்பூரின் ஷென்டன் வேயிலும் இப்போது குறைவில்லை.

வாடகையை யார் நிர்ணயிப்பது? யாரும் இல்லை, சந்தைதான். சந்தை எவ்வளவு மூர்க்கமானது என்பதற்கு 2008ஆம் ஆண்டு ஒன்றே போதும். இரும்புத்தாது, நிலக்கரி, தானியம் ஏற்றும் கப்பல்களின் வாடகையை அளக்கும் பால்டிக் டிரை குறியீடு அவ்வாண்டு மே 20 அன்று 11,793 புள்ளியில் நின்றது. டிசம்பர் தொடக்கத்தில் 663. ஜூனில் ஒரு பெரிய தாதுக்கப்பல் நாளொன்றுக்கு 2.3 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. அதே கப்பல் டிசம்பரில் மாலுமிகளின் சம்பளத்துக்கே போதாத வாடகைக்கு ஓடியது. உலகப் பொருளாதார நெருக்கடி மட்டும் இதற்குக் காரணமல்ல. கப்பல் கட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். தேவை ஏறும்போது உடனே கப்பல் கிடைக்காது. தேவை விழும்போது, முன்பு ஆசைப்பட்டு ஆர்டர் செய்தவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். 2016 பிப்ரவரியில் குறியீடு 290 வரை போனது. அந்த ஆண்டு நவம்பரில்தான், 1744இல் லண்டன் காப்பிக்கடை ஒன்றில் தொடங்கிய பால்டிக் எக்ஸ்சேஞ்சையே சிங்கப்பூர் பங்குச்சந்தை நிறுவனம் 8.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. சந்தை விழுந்து கிடக்கும்போது சந்தையின் அளவுகோலையே வாங்குவது கெட்டிக்காரத்தனம்.

வாடகைக் கப்பலின் ஆபத்து விலையில் மட்டும் இல்லை. தமிழர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது கையில் கப்பல் கிடையாது. பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். தூத்துக்குடி–கொழும்பு ஓட்டத்துக்குப் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடமிருந்து கப்பல்களை வாடகைக்குப் பிடித்தார். அந்தத் தடத்தைத் தன் சொத்தாகவே நினைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தரப்பிலிருந்து நெருக்கடி வந்ததும் ஷா லைன் பின்வாங்கிவிட்டது. கொழும்பில் வேறொரு கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றினார். அதன் பிறகே 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் தருவதாக இறங்கிய கதை பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். குடைக்கதையை ரசிக்கிறோம். ஷா லைன் பின்வாங்கிய கதையைப் பெரிதாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் கப்பல் தொழிலின் பாடம் அதில்தான் இருக்கிறது. வாடகைக்கு விடுபவர் யாருக்கு அதிகம் பயப்படுகிறாரோ அவர் பக்கம்தான் ஒப்பந்தம் சாயும். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே பி.ஐ. கம்பெனியின் 'ரஜூலா' 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களைத் தளப் பயணிகளாக ஏற்றி இறக்கியது. வந்தவர்களில் பலர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் என்ற சரக்குப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் வெளியே நங்கூரமிடும். தொங்கான்கள் போய்ச் சரக்கை வாங்கிப் போட் கீ கிடங்குகளுக்குக் கொண்டுவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. சூலியாக்கள் விட்டுச் சென்ற தடங்களாகத் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் நிற்கின்றன. ஆற்றைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் 1983இல் கடைசித் தொங்கான்களும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. இன்று போட் கீயில் சாப்பாட்டுக்கடைகள்.

மூட்டைக் காலத்தில் ஒரு சரக்குக்கப்பல் தன் ஆயுளில் பாதியைத் துறைமுகத்திலேயே கழித்தது. அதை உடைத்தது ஒரு இரும்புப் பெட்டி. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். கையால் ஏற்றினால் டன்னுக்கு 5.83 டாலர் செலவு. பெட்டியில் ஏற்றியபோது 16 சென்டுக்கும் குறைவு. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் தஞ்சோங் பகாரில் திறந்தது. 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' கப்பல் 300 பெட்டிகளோடு அங்கே வந்து நின்றது. அறுபது லட்சம் பேர் வாழும் இந்தத் தீவு 2024இல் கையாண்டது 4.11 கோடி பெட்டிகள், இருபதடிக் கணக்கில். அத்தனையையும் இங்கே யார் பிரித்துத் தின்பது? மிகப் பெரும்பாலானவை ஒரு கப்பலிலிருந்து இறங்கி, முற்றத்தில் சில நாள் இருந்துவிட்டு, வேறு கப்பலில் ஏறிப் போகிறவை. சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போகும் பெட்டிகளும் அவற்றில் உண்டு. ஆழமான துறையும் போதுமான நேர்வழிக் கப்பலும் இல்லாததால் இந்தியா தன் இடைமாற்றுச் சரக்கில் முக்கால் பங்கைக் கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2025 மே மாதம் திறக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் அதில் எவ்வளவைத் திருப்பும் என்று பார்க்க வேண்டும்.

ஆக, சிங்கப்பூர் விற்பது பிறருடைய நேரத்தை மிச்சப்படுத்தும் சேவை. அதில் பிசகினால் வாடிக்கையாளர் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவுக்குப் போய்விடுவார். போயும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாசுக்கு மாறியது, இரண்டு ஆண்டு கழித்து எவர்கிரீன். எண்ணெய் விற்பனையிலும் இதே கவலைதான். உலகிலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் இது. 2024இல் சுமார் 5.5 கோடி டன். ஒரு காலத்தில் எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்க வைத்து அளவைக் கூட்டிக் காட்டும் வித்தை நடந்தது. தொழிலில் அதற்குக் 'கப்புச்சினோ' என்றே பெயர். கால வாடகைக்கு எடுத்தவர் எண்ணெய்க்குக் காசு கொடுத்துக் காற்றை வாங்கிப் போவார். 2017 ஜனவரி முதல் எடையை நேரடியாக அளக்கும் மீட்டரைக் கட்டாயமாக்கியது கடல்துறை, துறைமுக ஆணையம். உலகில் முதன்முதலாக அப்படிச் செய்த துறைமுகம் இதுதான்.

2024 கோடையில், நேரத்தை மிச்சப்படுத்தும் துறைமுகம் என்ற பெயருக்கே சோதனை வந்தது. செங்கடலில் ஹூதிகளின் தாக்குதலுக்கு அஞ்சி, சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்கள் பத்துப் பதினைந்து நாள் தாமதமாக, கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. இழந்த நாளைப் பிடிக்க அடுத்த துறைமுகங்களைத் தவிர்த்துவிட்டு, அங்கே இறக்க வேண்டிய பெட்டிகளையும் இங்கேயே இறக்கிவிட்டுப் போயின. ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் 1.336 கோடி பெட்டிகள், முந்தைய ஆண்டைவிட 8.8 விழுக்காடு கூடுதல். துறையில் இடம் கிடைக்க இரண்டு மூன்று நாள் காத்திருப்பது சாதாரணமாகிவிட்டது. ஒரு வாரம் வரை நின்றவையும் உண்டு என்றார்கள். கைவிட்டிருந்த கெப்பல் முனையத்தின் பழைய துறைகளைத் துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ நிறுவனம் மறுபடி திறந்தது. வாரத்துக்கு 7,70,000 பெட்டிகள் என்றிருந்த திறனை 8,20,000 ஆக்கியது. துவாஸில் புதிய துறைகள் அவசரமாகப் பயன்பாட்டுக்கு வந்தன. நெரிசல் மெல்லத் தணிந்தது.

இனி சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவுக்கு வருவோம். சிராங்கூன் சாலை மளிகைக்கடைகளில் அடுக்கியிருக்கும் பொன்னி அரிசி மூட்டையின் விலையை ஒரு இறக்குமதியாளர் எப்படிப் போடுகிறார்? கொள்முதல் விலை, கப்பல் கட்டணம், துறைமுகக் கையாளும் கட்டணம், லாரி, கிடங்கு. இவையெல்லாம் முன்கூட்டித் தெரிந்தவை. தெரியாதது நாள்கள். சென்னையிலிருந்து நேராக வந்தால் கடலில் ஐந்தாறு நாள்தான். வழியில் ஒரு மாற்றம், இங்கே ஒரு நெரிசல் என்றால் அது எத்தனை ஆகும் என்று முகவரும் சொல்ல மாட்டார்.

இங்கே ஒரு விசித்திரம். ஐம்பதாயிரம் டன் நிலக்கரி அனுப்புகிறவர் கப்பல்காரரோடு உட்கார்ந்து, தாமதம் யாருடையது என்று மணிக்கணக்காகப் பேரம் பேசுகிறார். ஒரே ஒரு கொள்கலன் அரிசி வாங்குகிறவருக்கு அந்தப் பேரம் கிடையாது. அவர் கையில் இருப்பது பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டு. அதன் பின்பக்கப் பொடி எழுத்தில், வந்து சேரும் தேதிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கப்பல் கம்பெனி சொல்லியிருக்கும். பத்து நாள் பிந்தி வந்தால் யாரும் அவருக்கு ஒரு வெள்ளி தர மாட்டார்கள். ஆனால் வந்த பெட்டியை அவர் இலவச நாள்களுக்குள் எடுத்துப் பிரித்துக் காலியாகத் திருப்பாவிட்டால் முனையத்தில் கிடந்தால் டெமரேஜ், வெளியே இருந்தால் டிடென்ஷன் என்று நாள்தோறும் பில் வரும். தாமதமான கப்பல்கள் சேர்ந்து வருவதால் மூன்று வாரத்துச் சரக்கும் ஒரே நாளில் இறங்கும். அன்றைக்குப் பார்த்து லாரி கிடைக்காது. கப்பல் கம்பெனி பிந்தியதற்கும் அவர்தான் தண்டம் கட்டுகிறார். அவர் பிந்தினாலும் அவர்தான்.

கப்பல் கம்பெனிகள் இதற்குச் சொல்லும் நியாயம், பெட்டி சும்மா கிடந்தால் தங்களுக்கு நஷ்டம் என்பது. உண்மைதான். ஆனால் 2021 செப்டம்பரில் ஷாங்காயிலிருந்து ராட்டர்டாம் வரும் நாற்பதடிப் பெட்டிக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கியபோதும், தேதி தவறினால் தள்ளுபடி என்று யாரும் அறிவிக்கவில்லை. பெருநிறுவனங்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் இலவச நாள்களைக் கூட்டி வாங்கிக்கொள்கின்றன. தேக்கா வியாபாரிக்கு அந்தப் பலம் இல்லை. சிலர் சேர்ந்து ஒரே முகவர் வழியாக ஏற்றினால் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். அவரவர் கொள்முதல் விலை அடுத்தவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அதுவும் அவ்வளவு எளிதல்ல.

அரசாங்கம் தன் பங்குக்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. இருப்பு அரிசித் திட்டத்தின்கீழ் வரும் அரிசி வகைகளை இறக்குமதி செய்கிறவர், மாதந்தோறும் கொண்டுவருவதைப் போல் இரு மடங்கு அரிசியை, குறிப்பிட்ட கிடங்குகளில் எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது கைவசம் இருந்தது இந்த இருப்புதான். அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு 50,000 டன் விலக்கும் கிடைத்தது. கப்பல் பிந்தினாலும் ஊர் பட்டினி கிடக்காது. அந்த அரிசிக்குப் போட்ட முதல் இறக்குமதியாளருடையது. அதற்கு ஏறும் வட்டியும் கிடங்கு வாடகையும் மூட்டை விலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன.