கூச்சல் அடங்கிய சந்தை

சென்னை பாரிமுனை அருகே, செகண்ட் லைன் பீச் சாலையில் மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்தது. 1937இல் தொடங்கிய அந்தச் சந்தையின் அங்கீகாரம் 2015இல் முடிவுக்கு வந்தது. கோவைப் பங்குச் சந்தை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே விடைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் பங்கு வாங்குவோர் பெருகிக்கொண்டிருந்த காலத்தில்தான் இரண்டும் மூடப்பட்டன.

காரணம் கம்ப்யூட்டர் திரை. முன்பு பங்குச் சந்தை என்றால் ஒரு கூடம். தரகர்கள் அங்கே நின்று, கையசைத்து, விலையைக் கூவுவார்கள். பங்கு என்ன விலைக்கு முடிந்தது என்பது வாடிக்கையாளருக்குத் தரகர் சொன்னால்தான் தெரியும். அதனால் ஊருக்கு ஊர் ஒரு கூடம் தேவைப்பட்டது. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கூடமே இல்லாமல், செயற்கைக்கோள் இணைப்பு வழியே பங்கு வணிகத்தைத் தொடங்கியது. 1875இல் பிறந்த மும்பை பங்குச் சந்தையை ஏறக்குறைய ஓராண்டில் வர்த்தக அளவில் முந்தியது. மும்பைச் சந்தையும் 1995இல் திரைக்கு மாறியது. மும்பை விலை அதே நொடியில் மதுரையிலும் தெரிந்த பிறகு, உள்ளூர்க் கூடத்துக்கு என்ன வேலை?

காகிதமும் போனது. கையெழுத்து பொருந்தவில்லை என்று பங்குப் பத்திரம் திரும்பி வந்து மாதக்கணக்கில் அலைந்தவர்கள், பங்குகளை மின்னணுப் பதிவாக வைக்க வழிசெய்த டெபாசிட்டரி சட்டம் 1996இல் வந்ததன் அருமையை அறிவார்கள். இன்று பங்கு வாங்கினால் மறு வேலைநாளே டீமேட் எனும் மின்னணுக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இப்போது ஆர்டர்களைப் பொருத்துவது இயந்திரம். அதன் விதி எளியது: நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம், விலை ஒன்றானால் முந்தி வந்தவருக்கு. பத்துப் பேர் 500 ரூபாய்க்குக் கேட்டு நிற்கும்போது நீங்களும் 500 என்றால், பதினோராவது ஆள். 500 ரூபாய் 5 காசு என்றால் வரிசையின் தலைக்கே போய்விடுவீர்கள்.

முந்தி வந்தவருக்கு என்ற விதியால் வேகமே ஒரு சரக்காகிவிட்டது. தங்கள் கம்ப்யூட்டரைச் சந்தையின் சர்வர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நிறுவனங்கள் வாடகை கட்டுகின்றன. 2010 முதல் இந்த வசதி இந்தியாவில் உண்டு. நடுவராக இருக்க வேண்டிய சந்தை, முன்வரிசை இடத்தையும் விற்கிறது. சந்தைகளே இன்று லாபம் ஈட்டும் நிறுவனங்கள். மும்பைச் சந்தையின் பங்கே 2017 முதல் தேசியச் சந்தையில் கைமாறுகிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். பெரிய நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி அல்கோ எனப்படும் தானியங்கி வணிகத்தில் வந்தது. விரலால் தட்டுகிறவர் அந்த வேகத்தோடு மோதவே கூடாது.

கூடம் போனாலும் காவல் வேலை கூடியிருக்கிறது. மார்ஜின் எனும் முன்பணத்தை வசூலிப்பது, சந்தேகமான ஆர்டர்களைக் கண்காணிப்பது, விற்றவருக்குப் பணம் வந்து சேர உத்தரவாதம் தருவது எல்லாம் சந்தையும், கணக்குத் தீர்க்கும் அதன் கிளியரிங் அமைப்பும் செய்பவை. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியச் சந்தையில் கோளாறு ஏற்பட்டு, முற்பகலில் நின்ற வணிகம் மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. நாடே ஓர் இயந்திரத்தை நம்பியிருப்பது அன்று புரிந்தது.

நீண்டகாலத்துக்குப் பங்கு வாங்குகிறவருக்கு மைக்ரோ நொடிப் பந்தயம் தேவையில்லை. ஆர்டர் போடும்போது உங்கள் விலையை நீங்களே குறிப்பிடுங்கள். அன்று உங்கள் பெயரில் நடந்த வணிகத்தைச் சந்தையே எஸ்எம்எஸ், மின்னஞ்சலில் தெரிவிக்கிறது. அதைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.