அப்பர் எதை நினைத்துக்கொண்டார்?



திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் மிதந்து கரை சேர்ந்தார் என்று படித்திருக்கிறோம். அவருக்குப் பயமே இல்லையா? எனக்கு ரொம்ப நாளாக இந்தச் சந்தேகம். பெரியபுராணக் கதையை முதலிலிருந்து கேட்டபோதுதான் புரிந்தது.

கடல்தான் கடைசிச் சோதனை. அதற்கு முன்பு பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள் அடைத்தான். நஞ்சு கலந்த பால்சோறு கொடுத்தான். யானையை ஏவினான். (இது சைவர்கள் சொன்ன கதை. சமணர்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று எங்கள் தமிழ் ஐயா சொன்னார்.) இதற்கெல்லாம் முன்னால் வந்தது ஒரு வயிற்றுவலி! அதுதான் சூலைநோய். எந்த வைத்தியமும் கேட்கவில்லை. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பதிகம் பாடினார், வலி நின்றது.

ஆகவே காளவாயில் நினைத்துக்கொள்ள அவருக்கு வயிற்றுவலி தீர்ந்த நாள் இருந்தது. கடலில் நினைத்துக்கொள்ளக் காளவாய் இருந்தது. பிறகு திருநீலக்குடியில் பாடும்போதும் கல்லில் கட்டித் தள்ளியதை மறக்காமல் சொல்கிறார்.

ஆனால் எனக்கு அக்காவைத்தான் அதிகம் பிடிக்கும். அப்பா அம்மா இறந்தார்கள். நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்தார். தம்பியும் வேறு சமயத்துக்குப் போய்விட்டார். அவருக்காக எந்தக் கல்லும் மிதக்கவில்லை. கலிப்பகையார் திரும்பி வரவே இல்லை. அப்படியும் தினமும் கோயில் வாசலைக் கூட்டி மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். தம்பி வலியோடு வந்தபோது தைரியம் அவரிடம்தான் இருந்தது.

போன வருடம் எங்க அம்மாவுக்கு ஆபரேஷன். வருகிற தை மாதம் இன்னொன்று. நான் அழுதால் ஆயா, "போன தடவ அந்த ராத்திரி எப்டி போச்சுன்னு நெனச்சிப் பாரு" என்கிறது. நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் நானும் ஆயாவும் வேண்டிக்கொண்டே இருந்தோம். பயம் போகவில்லை. யாரோ ஒரு அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். கும்பிட்ட கையோடு அப்படியே தூங்கிவிட்டேன். விடிந்ததும் அம்மா கண் திறந்து, "சாப்டியாடி?" என்று கேட்டது.

தை மாதமும் அதே பைதான். ஆயா அதில் திருநீற்றுப் பொட்டலத்தை இப்பவே வைத்துவிட்டது.