பனி தள்ளும் வண்டிக்குக் கைப்பிடிச் சூடு

மார்கழி பிறந்து விட்டால் அரிசி மூடை இறக்குவதை விடக் கடை வாசலில் விழுந்த பனியை அகற்றுவதே எம்மவருக்குப் பெரிய வேலையாகி விடுகிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிளாசாவுக்குள் கடை வைத்திருப்போர் பலருக்குக் கட்டட உரிமையாளரே ஆள் வைத்துப் பனி தள்ளுவிப்பார். தனிக் கட்டடத்தில் கடையோ களஞ்சியமோ வைத்திருப்பவர்கள் தமது பாட்டைத் தாமே பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு மரக்கறி லொறி வந்து நிற்கும்போது பின்வாசல் வெளித்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஒரு அம்மா கைத்தடியோடு வந்து இறங்கும்போது முன்வாசல் வழுக்காமல் இருக்க வேண்டும்.

அந்த அம்மா விழுந்தால் என்ன ஆகும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் இடத்தை வைத்திருப்பவர், வந்து போவோரின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது சட்டம். பனியில் விழுந்து காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனால் எமது பொறுப்புக் குறைந்து விட்டதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அறிவிக்கும் காலம் மட்டுமே குறுகியது. துப்புரவாக வைத்திருக்கும் கடமை அப்படியே இருக்கிறது.

இதற்காகப் பலர் ஏ.ரி.வி. எனப்படும் நான்கு சில்லு வண்டியை வாங்கி, முன்னால் பனி தள்ளும் அலகு பூட்டி வைத்திருக்கிறார்கள். சிறிய இடத்துக்கு மிகவும் தோதான வண்டி. ஆனால் கூரையும் கண்ணாடியும் இல்லாதது. -15 பாகைக் குளிரில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடித்தால் உடம்புக்கு அது -24 போலப் படும். -28 அளவுக்குப் போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக் கூடும். உடம்பு தன் சூட்டைக் காக்க முதலில் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைத் தான் குறைக்கிறது. விரல் மரத்த பின் பிறேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. சுவர் ஓரத்திலும் வாடிக்கையாளர் கார்களுக்கு நடுவிலும் வண்டியைத் திருப்புகிறவருக்கு இது விளையாட்டல்ல.

"நல்ல கையுறை இருக்கக் கைப்பிடிக்கும் சூடா? சோம்பேறித்தனம்!" என்று எமது வயதுக்காரர் சொல்வதுண்டு. தடித்த கையுறை சூட்டைக் காக்கும். ஆனால் சுவிச்சையும் பெருவிரல் அக்சிலேற்றரையும் உணர விடாது. கைப்பிடிச் சூடு இருந்தால் உள்ளங்கைப் பக்கம் மெல்லிய கையுறை போதும். அதே வேளை இந்தச் சூடு உள்ளங்கைக்கு மட்டுமே. புறங்கையில் காற்று அடித்துக் கொண்டே இருக்கும். ஆகவே ஹாண்டிலில் மாட்டும் கை மூடிகளை முதலில் வாங்குங்கள். விலையும் குறைவு, வயரும் இல்லை. அதுவும் போதாதவர்கள் அதற்கு மேல் கைப்பிடிச் சூட்டையும் பூட்டலாம். இரண்டும் சேர்ந்தால் தான் முழுப் பயன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வலது கைப்பிடியைத் திருகித் தான் வேகம் கூட்டுகிறோம். அங்கே உள்ளே ஒரு குழாய் சுழல்வதால் வலது பிடியின் துவாரம் இடதை விடப் பெரிதாக இருக்கும். ஏ.ரி.வி. பெரும்பாலானவற்றில் வேகம் கூட்டுவது பெருவிரலால் தள்ளும் நெம்பு. இரண்டு பிடியும் அசையாதவை, இரண்டுக்கும் ஒரே அளவு. பொதுவாக 22 மில்லிமீற்றர் ஹாண்டில். மோட்டார் சைக்கிளுக்கு என்று விற்பதை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் வலது பிடி லொட லொட என்று ஆடும். அந்த நெம்புக்கும் தனியாக ஒரு சிறு சூட்டுத் தகடு வருகிறது. அதைத் தவற விடாதீர்கள். முழு நேரமும் நீட்டியபடி நிற்பது அந்தப் பெருவிரல் தான், முதலில் மரப்பதும் அதுவே.

பொருளில் இரண்டு வகை. ஒன்று, சூட்டுக் கம்பி உள்ளே பதித்த முழுக் கைப்பிடி. மற்றது, பழைய பிடியைக் கழற்றி அதன் அடியில் சுற்றி ஒட்டும் மெல்லிய தகடு. தகடு மலிவு. ஆனால் ஹாண்டில் இரும்புக் குழாய். சூட்டில் பாதியை அதுவே குடித்து விடும். தகட்டின் அடியில் சூடு கடத்தாத ஒரு சுற்று ஒட்டிய பின் தான் தகட்டை ஒட்ட வேண்டும். கையில் வேலை பழக்கம் இல்லாதவர்களுக்கு முழுப் பிடியே உத்தமம் என்பது எமது கருத்து. பிடி நீளமாக இருந்தால் நுனியை வெட்டிச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். வெட்டினால் உள்ளே கம்பி அறுந்து விடும்.

வேலையைச் சூடான கராஜுக்குள் செய்யுங்கள். குளிரில் பசை பிடிக்காது. முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். பழைய பிடி கொம்பிறசர் காற்றுக்குக் கழன்று வரும். வராவிட்டால் கத்தியால் கீறி எடுங்கள். ஹாண்டிலை ஸ்பிரிற் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள். பசை பூசுவதற்கு முன் பிடியைச் சும்மா நுழைத்துப் பார்ப்பது அவசியம். வயர் வெளியே வரும் இடம் பிறேக் நெம்பிலோ பெருவிரல் நெம்பிலோ முட்டக் கூடாது. நெம்பைத் தள்ளி விட்டால் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். பிடி ஒரு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி உராய்ந்தாலும் வேகம் குறையாமல் வண்டி பாயும். இது ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். எல்லாம் சரியென்று கண்ட பின் பசை பூசி, ஒரு நாள் காய விடுங்கள்.

இனி வயர் வேலை. இங்கே தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒரு சோடிப் பிடி ஏறக்குறைய 40 வாற் எடுக்கும் என்று வைத்துக் கொண்டால் 12 வோல்ற்றில் அது 3 அம்பியருக்குச் சற்று மேல். சின்னக் கணக்குத் தான். ஆனால் நேரே பற்றரியில் கொடுத்து விட்டு, இரவு நிறுத்த மறந்தால், 18 அம்பியர் மணிப் பற்றரி ஐந்தரை மணித்தியாலத்தில் வெறுமை. கடும் குளிரில் பற்றரியின் பலம் பாதியளவுக்கு விழுவதால் அதற்கும் முன்னரே முடிந்து விடும். பனி கொட்டிய காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே சாவி போட்டால் மட்டுமே மின்சாரம் வர வேண்டும். பல வண்டிகளில் இதற்கென்றே ஒரு இணைப்பு முனை தயாராக இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு றிலே வைத்து, பின் லைற் வயரால் அதை இயக்கலாம். பிடிகளுக்கான மின்சாரம் பற்றரியிலிருந்து றிலே வழியாகப் போகும். பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். பெட்டியில் வந்த அளவையே போடுங்கள். பியூஸ் போகிறது என்று பெரிதாக மாற்றினால், அடுத்த முறை எரிவது வயராக இருக்கும்.

வயரை முறுக்கி ரேப் சுற்றும் வேலை எம்மூரில் நிலைத்திருக்கலாம். இங்கே வீதி உப்பு ஒரு மாரிக்குள் செம்பைப் பச்சையாக்கி விடும். நசுக்கிப் பூட்டும் இணைப்பும், சூடு காட்டினால் இறுகும் குழாயும், உள்ளே சிறிது மின் கிறீசும் போடுங்கள். வயர்களை எக்சோஸ்ற் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கட்டிய பின் ஹாண்டிலை இடமும் வலமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுபடவோ நசிபடவோ கூடாது.

பனி தள்ளும் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. அலகைத் தூக்கி இறக்கும் வின்ச் முழுச் சுமையில் 100 அம்பியருக்கு மேல் இழுக்கக் கூடியது. அலகுக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்பத் தூக்குகிறோம். வண்டியோ முன்னும் பின்னும் மெதுவாகவே ஓடுகிறது. அந்த வேகத்தில் சார்ஜ் குறைவு. அதற்கு மேல் லைற், கைப்பிடி. ஒரு சிறு வோல்ற் மீற்றர் பூட்டி விட்டால் கவலையில்லை. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். 13க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் கைப்பிடியைக் குறையுங்கள். எஞ்சின் கிளம்பிய பின் சில நிமிடம் உச்சத்தில் வைத்துச் சூடேற்றி, பிறகு குறைந்த அளவில் ஓட்டுவதே நல்லது.

இதை டீலரிடம் கொடுத்துச் செய்விப்பதிலும் தவறில்லை. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் முதலில் அவரைக் கேட்டுக் கொள்ளுங்கள். யார் பூட்டினாலும், காலையில் ஓட்டப் போகும் தம்பியையே வண்டியில் ஏற்றி இருத்தி, அவர் போடும் கையுறையோடு சுவிச்சையும் நெம்பையும் இயக்கச் சொல்லுங்கள். பனி தள்ளி முடித்த நேரத்தையும் உப்புப் போட்ட நேரத்தையும் எழுத ஒரு கொப்பியை, சாவி தொங்கும் ஆணியிலேயே கட்டி விடுங்கள்.